வெயிலுக்குப் பழக எத்தனை நாள்?

இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் கோவைப் பக்கத்து வார்ப்பட ஆலைகளில் 29 வருடம் டாக்டராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். பங்குனி பிறந்தாலே எனக்கு வரும் கடிதங்களின் நிறம் மாறிவிடும். முதுகு வலி, கண்ணில் இரும்புத் தூள் எல்லாம் பின்னுக்குப் போய், "வெக்கை தாங்கவில்லை டாக்டர்" என்பது முன்னுக்கு வரும். அதனால் இந்த மாதம் முழுக்க வெக்கைதான்.

கட்டட மேஸ்திரி ஒருவர், செங்கல்பட்டு: சென்ட்ரிங் வேலைக்கு ஒடிசாவிலிருந்து 14 பையன்கள் வந்தார்கள். இரண்டாவது நாளே ஒருவன் மேல்தளத்தில் மயங்கி விழுந்தான். பழைய ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. "ரெண்டு நாள்ல பழகிடும்" என்கிறார்கள். உண்மையில் எத்தனை நாளில் பழகும்? ஒடிசாவும் வெயில் ஊர்தானே?

பழகும் மேஸ்திரி, ஆனால் இரண்டு நாளில் அல்ல. ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும்.

உடம்பு பழகுவது என்றால் மனசு மரத்துப்போவது இல்லை. உள்ளே நிஜமாகவே வேலை நடக்கிறது. முதல் நாலைந்து நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். அதனால் அதே மூட்டையைத் தூக்கினாலும் நெஞ்சு அவ்வளவு வேகமாக அடிக்காது. அதற்கடுத்த நாட்களில் வேர்வைச் சுரப்பிகள் கற்றுக்கொள்ளும். உடம்பு கொஞ்சம் சூடேறியதுமே வேர்க்கத் தொடங்கும், முன்பைவிட அதிகமாக வேர்க்கும், வேர்வையில் உப்பும் குறையும். நம்பிக்கை இல்லையென்றால் பையன்களின் சட்டை முதுகைப் பாருங்கள். முதல் வாரம் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு தெரியும். இரண்டாம் வாரம் அது மங்கும். கருவி ஒன்றும் வேண்டாம், கொடியில் காயும் சட்டையே சொல்லிவிடும்.

ஒடிசா வெயில் ஊர்தான். ஆனால் அந்தப் பையன்கள் எப்படி வந்தார்கள்? பொதுப் பெட்டியில் இரண்டு ராத்திரி தூங்காமல், தண்ணீர் குடித்தால் கழிவறைக்குக் கூட்டத்தைத் தாண்டிப் போக வேண்டுமே என்று அதையும் குடிக்காமல். இறங்கிய மறுநாள் காலை நீங்கள் அவர்களைத் தளத்தில் ஏற்றியிருப்பீர்கள். அதற்கு முன் ஊரில் சும்மா உட்கார்ந்திருந்த மாதங்கள் வேறு. வெயிலில் இருப்பது வேறு, வெயிலில் வேலை செய்வது வேறு. திண்ணையில் உட்கார்ந்து வேர்த்தவன் முழுசாகப் பழகியவன் ஆகமாட்டான்.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறது. புது ஆள் முதல் நாள் வெக்கையில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் வேலை செய்யலாம். எட்டு மணி நேர வேலை என்றால் சுமார் ஒன்றரை மணி நேரம். அப்புறம் நாளுக்கு இன்னொரு ஐந்தில் ஒரு பங்கு கூட்டலாம். ஐந்தாம் நாள் முழு வேலை. அங்கே வெயிலில் இறந்த தொழிலாளிகளின் கணக்கை எடுத்தபோது பெரும்பாலோர் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே போயிருந்தார்கள். இந்தக் கணக்கு எவ்வளவு அவசியம் என்று அதிலிருந்தே தெரியும்.

"மீதி நேரத்துக்குச் சும்மா கூலி கொடுக்கவா?" என்று கேட்பீர்கள். முழுக் கூலி கொடுங்கள், சும்மா வேண்டாம். நிழலில் கம்பி வளைக்கட்டும், ஆணி பிடுங்கட்டும், பலகைக்கு எண்ணெய் பூசட்டும். ஒரு மேஸ்திரிக்கு நிழல் வேலை கண்டுபிடிக்க நான் சொல்லித்தர வேண்டுமா?

இதெல்லாம் சொகுசுப் பேச்சு என்று நினைத்தால் ஒன்று சொல்கிறேன். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் 1920களிலேயே ஹீட் ஸ்ட்ரோக்கில் ஆட்கள் செத்தார்கள். லாபத்தைத் தவிர வேறெதுவும் பார்க்காத முதலாளிகள்தான். அவர்களே பிற்பாடு புது ஆட்களை வெக்கை அறையில் விட்டு, படி ஏறி இறங்க வைத்து, நாளுக்கு 4 மணி நேரம் வீதம் 8 நாள் பழக்கிவிட்டுத்தான் சுரங்கத்துக்குள் இறக்கினார்கள்.

அவ்வளவு தூரம் ஏன் போகவேண்டும்? கோலார் தங்கவயல் நம் ஆட்கள் வெட்டியதுதானே. வட ஆற்காட்டிலிருந்து போன குடும்பங்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அடியில் பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். ஆள் சுருண்டு விழுவது ஏன் என்று 1940களிலேயே அங்கே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. என் தாய்மாமா அங்கே வேலை பார்த்தவர். லீவு முடிந்து வந்தவனை முதல் சில நாள் ஆழத்துக்கு அனுப்பமாட்டார்களாம், மேல் மட்டத்திலேயே தள்ளுவண்டி தள்ளச் சொல்வார்களாம். "அது ஏன்னு எங்களுக்குத் தெரியாது, வழக்கம் அப்படி" என்பார்.

சூப்பர்வைசர், வார்ப்பட ஆலை, கோவை: எங்கள் சேஃப்டி ஆபீசர் "எல்லை 28 டிகிரி" என்கிறார். கோவையில் மார்கழியிலேயே பகலில் 28 டிகிரி இருக்கிறது. அப்படியானால் வருஷம் முழுக்க ஆலையை மூட வேண்டியதுதானா?

சிரித்துவிட்டேன். கேள்வி நியாயமானது. உங்கள் ஆபீசர் சொன்னதும் சரி, நீங்கள் கேட்டதும் சரி. இரண்டும் வேறு வேறு டிகிரி.

சுவரில் மாட்டிய வெப்பமானி காற்றின் சூட்டை மட்டும் சொல்லும். அவர் சொன்னது டபிள்யூ.பி.ஜி.டி. என்ற கலவைக் கணக்கு. 1950களில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்கள் பயிற்சி முகாமில் வெயிலில் விழுந்துகொண்டே இருந்தார்கள் என்று கண்டுபிடித்த கணக்கு அது. மூன்று வெப்பமானிகள் வேண்டும். ஒன்று சாதாரணமானது. இன்னொன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும், அது வேர்வை எவ்வளவு சுலபமாகக் காயும் என்று சொல்லும். மூன்றாவது, கறுப்புப் பூசிய செப்புப் பந்துக்குள் இருக்கும், அது வெயிலும் உலையும் வீசும் சூட்டைப் பிடிக்கும். வெட்டவெளியில் ஈரத்துணிக்கு 10க்கு 7 பங்கு, பந்துக்கு 2, சாதாரணத்துக்கு 1. கூரைக்கு அடியில் ஈரத்துணிக்கு 7, பந்துக்கு 3.

ஈரத்துணிக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று பாருங்கள். வேலூரில் ஒரு மத்தியானம் காற்று 41, ஈரத்துணி 24, பந்து 54 என்று வையுங்கள். கணக்கு 31.7 வரும். சென்னையில் காற்று 36தான், ஆனால் ஈரத்துணி 29, பந்து 48. கணக்கு 33.5. செய்தியில் வேலூர்தான் கொட்டை எழுத்தில் வரும். ஆனால் மூட்டை தூக்குபவனுக்குச் சென்னைதான் மோசம். கடற்காற்றின் ஈரத்தில் வேர்வை காயாது, சொட்டும். சொட்டுகிற வேர்வை உடம்பைக் குளிரவைக்காது, காய்கிற வேர்வைதான் குளிரவைக்கும்.

இனி எல்லை. ஐ.எஸ்.ஓ. 7243 என்ற உலகத் தர அளவின்படி, நடுத்தரமான உடலுழைப்புக்குப் பழகிய ஆளுக்கு 28, பழகாத ஆளுக்கு 26. மண்வெட்டி, சம்மட்டி மாதிரி கடும் வேலைக்குப் பழகியவருக்கு 26, பழகாதவருக்கு 23. உட்கார்ந்து செய்யும் லேசான வேலைக்கு 30, 29. கடும் வேலையில் புது ஆளுக்கும் பழைய ஆளுக்கும் 3 டிகிரி வித்தியாசம் இருப்பதைக் கவனித்தீர்களா? ஒரே எல்லை எல்லோருக்கும் இல்லை. யார், என்ன வேலை, என்ன உடுப்பு என்று கேட்டுவிட்டுத்தான் எண் சொல்ல முடியும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உடுப்பு மாட்டினால், அளந்து வந்த கணக்கோடு கிட்டத்தட்ட 11 டிகிரியைக் கூட்டிக்கொண்டுதான் எல்லையோடு ஒப்பிட வேண்டும்.

உங்கள் ஊற்றுமேடையில் சித்திரையில் காற்று 38, ஈரத்துணி 27, பந்து 46 இருந்தால் 32.7 வரும். எல்லை எப்போதோ போய்விட்டது. ஆலையை மூடவேண்டாம், ஆளை மாற்றி மாற்றி விடுங்கள். இந்த எல்லை இடைவிடாமல் செய்யும் வேலைக்கானது. கால் மணி நேரம் லேடலோடு, அதாவது உருகிய இரும்பை ஊற்றும் பெரிய கரண்டியோடு, நின்றவன் முக்கால் மணி நேரம் தள்ளி வந்து காற்றாட உட்கார்ந்தால் கணக்கு மாறும். உலைக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு அலுமினியத் தகடு நிறுத்திப் பாருங்கள், பந்தின் டிகிரி சரசரவென்று இறங்கும். செலவு அதிகம் இல்லை. ஆனால் 38 டிகிரிக் காற்றை ஃபேன் போட்டு முகத்தில் அடிப்பதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். வேர்வை இருக்கும்வரை அது உதவும். வேர்வை வற்றியவனுக்கு அது அடுப்பு ஊதும் குழல்.

உப்பளத் தொழிலாளியின் மகள், தூத்துக்குடி: அம்மா காலை 5 மணிக்குப் போனால் மத்தியானம் வருவார். கூடவே என் அண்ணியும் போகிறார், ஐந்து மாதக் கர்ப்பம். இருவரும் வேலை நேரத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. ஒதுங்க இடம் இல்லை என்கிறார்கள். அம்மாவுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு. என்ன மருந்து கொடுக்கலாம்?

கண்ணம்மா, உன் அம்மாவுக்கு மருந்து ஒரு கழிப்பறை. நாலு தகரமும் ஒரு கதவும். எழுதிக் கொடுத்தால் எந்தக் கடையிலும் கிடைக்காது, அதுதான் சங்கடம்.

உப்பளத்தில் வெயில் மேலேயிருந்து மட்டும் வராது. உப்பின் வெண்மையில் பட்டுக் கீழேயிருந்தும் முகத்தில் அடிக்கும். அந்த இடத்தில் பாத்தியில் உப்பு வாரும் பெண் மணிக்கு ஒரு லிட்டர்கூட வேர்வையாக இழக்கலாம். குடிக்காவிட்டால் உடம்பு சிறுநீரகத்தைத்தான் முதலில் பட்டினி போடும். கடுப்பு, கிருமித் தொற்று என்று ஆரம்பித்து, வருஷக் கணக்கில் தினமும் இப்படி வறண்டால் சிறுநீரகமே பழுதாகலாம். மத்திய அமெரிக்காவின் கரும்புக் காடுகளில் சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இல்லாத இளவயது ஆண்கள் சிறுநீரகம் போய் இறந்தது இன்று மருத்துவ உலகம் அறிந்த சேதி. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ஒன்றை அம்மாவுக்கு அரசு மருத்துவமனையில் எடுத்துவிடு. நீர்க்கடுப்புக்கு நீயாக மாத்திரை வாங்கிக் கொடுக்காதே. சிறுநீரின் நிறத்தையும் பார்க்கச் சொல். இளநீர் மாதிரி இருந்தால் சரி, டிகாக்‌ஷன் மாதிரி இருந்தால் அன்றைக்கு அவர் குடித்தது போதவில்லை.

அண்ணி விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைக் கவனித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், வெக்கையில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் இரண்டு மடங்கு ஆபத்து என்று வந்தது. அவரை இப்போதே உப்பளத்திலிருந்து நிறுத்துங்கள். வீட்டில் பணம் எப்படி என்று எனக்குத் தெரியாமல் எழுதவில்லை. முடியவே முடியாது என்றால் வெயில் ஏறுமுன் முடிகிற வேலை, கொட்டகை நிழலில் பை தைக்கிற வேலை என்று கேட்டு வாங்குங்கள். ஒருத்தி கேட்டால் முறைப்பார்கள், பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் காது கொடுப்பார்கள். கழிப்பறையையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

இல்லத்தரசி, புதுக்கோட்டை: என் கணவர் கத்தாரில் கட்டட வேலை. ஒன்பது வருட அனுபவம். இரண்டு மாத லீவு முடிந்து ஜூனில் திரும்புகிறார். அனுபவசாலிக்குமா இந்தக் கவலை?

அனுபவசாலிக்குத்தான் அதிகக் கவலை, அம்மா. புது ஆளுக்குப் பயம் இருக்கும், பழைய ஆளுக்கு அது இருக்காது.

ஒரு வாரம் வெக்கையில் வேலை செய்யாமல் இருந்தாலே பழக்கம் கரையத் தொடங்கும். ஒரு மாதத்தில் பெரும்பாலும் போய்விடும். எங்கள் ஆலை ஒன்றில் ஆறு வருடம் ஊற்றுமேடையில் நின்ற ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்து 40 நாள் லீவு. திரும்பிய அன்றே, "நீ பழைய ஆளாச்சே" என்று மேடையில் ஏற்றிவிட்டார்கள். அவரும் மார்தட்டிக்கொண்டு ஏறினார். மூன்று மணிக்கு என்னவோ உளற ஆரம்பித்தார், கையிலிருந்த கம்பியைப் பார்த்துத் தன் மாமியாரைத் திட்டினார். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று கூட இருந்தவர்கள் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பில் இருபது நிமிஷம் போனது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது உள்சூடு 41க்கு மேல். மண் நனைக்கிற தொட்டித் தண்ணீரில் அப்படியே இறக்கினோம். பிழைத்தார். மூன்று வாரம் டயாலிசிஸ் ஓடியது. வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 40 'லீ' வரிசையாக இருந்தது. அதை ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் போதும். பார்க்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

திரும்பி வரும் அனுபவசாலிக்கும் கணக்கு உண்டு. முதல் நாள் பாதி, இரண்டாம் நாள் 60 சதவீதம், மூன்றாம் நாள் 80, நாலாம் நாள் முழு வேலை. உங்கள் கணவர் லீவில் வயல் வேலை பார்த்திருந்தால் கொஞ்சம் தாக்குப்பிடிப்பார், கல்யாண வீடு கல்யாண வீடாகப் போயிருந்தால் மாட்டார். கத்தார் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவு. 2021 முதல், ஜூன் 1லிருந்து செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை வெட்டவெளி வேலை கூடாது. டபிள்யூ.பி.ஜி.டி. 32.1ஐத் தாண்டினால் எந்த நேரமானாலும் நிறுத்த வேண்டும். மேலே சூப்பர்வைசருக்குச் சொன்ன சென்னை மத்தியானம் நினைவிருக்கிறதா, 33.5? அந்தச் சட்டம் இங்கே இருந்தால் அன்று சென்னையில் ஒரு செங்கல் நகர்ந்திருக்காது.

டெலிவரி ஊழியர், மதுரை: ராத்திரி ஏசியில் தூங்கினால் வெயில் பழக்கம் போய்விடுமா?

போகாது தம்பி. நன்றாகத் தூங்குங்கள். தூக்கம் கெட்டவன்தான் மறுநாள் சீக்கிரம் விழுவான். பகலில் வெக்கையில் இரண்டு மணி நேரம் உடம்பு வேலை செய்தால் பழக்கம் நிற்கும். வாரத்தில் ஒரு நாள் லீவும் ஒன்றும் செய்யாது. முதல் நாள் ராத்திரி குடி மட்டும் வேண்டாம்.

ஆலைத் தொழிலாளி, ஓசூர்: எங்களுக்கு உப்பு மாத்திரை கொடுக்கிறார்கள். நல்லதா?

தேவையில்லை, வயிற்றைப் புரட்டும். மூன்று வேளை நம் சாப்பாடு சாப்பிடுபவனுக்கு உப்பு அதில் வந்துவிடும். உப்புப் போட்ட மோர், நீச்சத்தண்ணி போதும். நாள் முழுக்க வேர்க்கும் வேலை என்றால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைத்துக்கொள்ளுங்கள், அரை டம்ளரில் அல்ல. தண்ணீரைத் தாகம் எடுக்குமுன் 20 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொள்ளவும் வேண்டாம், ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். டீ இரண்டு வேளை குடித்தால் ஆபத்தில்லை.

செங்கல் சூளைக் கணக்குப்பிள்ளை, திருவள்ளூர்: விழுந்துவிட்டால் என்ன செய்ய? ஆஸ்பத்திரி 22 கிலோமீட்டர்.

முதலில் குளிர வையுங்கள், அப்புறம் வண்டி. 108க்கு ஒருவர் போன் செய்யட்டும், மற்றவர்கள் கையில் தண்ணீரோடு நிற்கட்டும். உளறல், தள்ளாட்டம், வலிப்பு, நினைவு தப்புதல் இதில் ஒன்று இருந்தால் ஹீட் ஸ்ட்ரோக் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேர்வை நின்றிருக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், வேலை செய்துகொண்டிருந்தவனுக்கு வேர்த்துக்கொண்டும் இருக்கும்.

சூளையில் தார்ப்பாய் இருக்கும்தானே? ஆளை நிழலில் தார்ப்பாயின் நடுவே படுக்கவைத்து, சட்டை பனியனை உருவிவிட்டு, நாலு பேர் நாலு மூலையைத் தூக்கிப் பிடியுங்கள், தொட்டி மாதிரி ஆகும். தலை மட்டும் வெளியே இருக்க, கிடைக்கிற தண்ணீரையெல்லாம் ஊற்றி அலசுங்கள். ஐஸ் கிடைத்தால் போடுங்கள். தண்ணீர் குறைவென்றால் ஈரச் சாக்கைப் போர்த்தி, விசிறிக்கொண்டே இருங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ். நினைவில்லாதவன் வாயில் சோடாவோ இளநீரோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போகும். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது. தெளிந்து எழுந்து "ஒண்ணுமில்லண்ணே" என்றாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியே தீரவேண்டும். சிறுநீரகமும் ஈரலும் அடி வாங்கியது மறுநாள்தான் தெரியும்.

இன்னொன்று. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம் உண்டு. கணக்குப்பிள்ளை என்பதால் சொல்கிறேன். நீங்கள் அந்தக் கணக்கு எழுத நேரவேண்டாம்.

கல்யாண சமையல் மாஸ்டர், கும்பகோணம்: வயது 54. ஆடி முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ஆவணியில் கோட்டையடுப்பு முன் நின்றால் முதல் முகூர்த்தத்திலேயே தலை சுற்றுகிறது. வைகாசியில் இப்படி இல்லை. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒரு மாதம் ஆடி, பழக்கம் போயாச்சு. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன் ஒரு வாரம், யார் வீட்டுச் சீமந்தமோ காதுகுத்தோ, சின்னச் சமையலாகப் பிடித்து நாளுக்கு இரண்டு மணி நேரம் அடுப்பருகே நில்லுங்கள். சாம்பார் அண்டாவைக் கிளறுவதைப் பையன்களிடம் விட்டு, நீங்கள் ருசி பார்க்க மட்டும் வாருங்கள். பந்தி முடியட்டும் என்று தண்ணீரைத் தள்ளிப்போடுகிற பழக்கம் உங்கள் தொழிலில் எல்லோருக்கும் உண்டு, அதை விடுங்கள்.

ஆனால் எனக்கு அந்த பிரஷர் மாத்திரை மேல்தான் சந்தேகம். சிலவற்றில் நீர் பிரிக்கும் மருந்து கலந்திருக்கும், சில நாடித்துடிப்பைக் கூடவிடாமல் பிடித்துவைக்கும். வெக்கையில் இரண்டுமே காலை வாரும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முகூர்த்தம் தொடங்குமுன் உங்கள் டாக்டரிடம் போய், "நான் ஆறு மணி நேரம் அடுப்பு முன்னால் நிற்பவன்" என்று சொல்லுங்கள். பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.